விளையாட்டும் வாசிப்பும்: கேள்வி பதில்

வீடியோ கேம்கள் கற்றுத் தருவன குறித்தும் இணைய வாசிப்பை ஒழுங்குபடுத்துவது குறித்தும் வந்த கேள்விகளுக்கு, பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பன்னிரண்டு வயதாகும் என் மகன், கேம் ஆடினால் மூளை வளரும் என்று வாதிடுகிறான். உண்மைதானா, ஐயா?

ஓரளவு உண்மை, அம்மா. வேகமான சண்டை ஆட்டங்களை ஆடுவோர், கண்ணெதிரே சிதறிக் கிடக்கும் பலவற்றை ஒரே சமயத்தில் கவனிப்பதில் முந்துகிறார்கள் என்று ஷான் கிரீன், டாஃப்னி பவேலியே ஆகியோர் 2003இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அது பார்வை சார்ந்த கவனம். ஒரு பாடத்தை அரை மணி நேரம் பொறுமையாகப் படிப்பதற்கு வேண்டிய கவனம் வேறு.

கேள்வி: அப்படியானால் விளையாட்டிலிருந்து நாம் கற்பதுதான் என்ன?

தவறைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் என்பேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஃபோல்டிட் என்னும் ஆட்டத்தில், புரத மூலக்கூற்றை மடித்தும் முறுக்கியும் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி (அதுவும் ஒரு புரதம்தான்), பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. 2011இல் இந்த ஆட்டக்காரர்கள் மூன்றே வாரங்களில் அதன் வடிவத்தைக் கண்டறிய வழிசெய்தார்கள். அவர்களில் பலர் உயிர்வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஒவ்வொரு முறுக்குக்கும் மதிப்பெண் உடனே ஏறியதோ இறங்கியதோ தெரிந்தது. தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தது. அதனால் துணிந்து முயன்றார்கள். எல்லா விளையாட்டும் இப்படிக் கற்பிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தாயக்கட்டையே எல்லாவற்றையும் முடிவு செய்யும் பரமபதத்தில் நம் தவறு என்று ஒன்று இல்லை. பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தோம் என்பதற்கு அடுத்த நொடியே பலன் தெரிந்துவிடும்.

கேள்வி: செய்தி படிக்க ஒன்பது மணிக்குக் கைப்பேசியை எடுத்தால் நள்ளிரவு ஆகிவிடுகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

தவறு முழுவதும் உங்களுடையதல்ல. முன்பு பக்கத்தின் அடியில் "அடுத்த பக்கம்" என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்துமுன் நாம் ஒரு கணம் யோசித்தோம். 2006இல் ஏஸா ராஸ்கின் என்னும் மென்பொருள் வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவற்ற உருட்டல், அதாவது கீழே போகப் போகப் புதியவை தாமாகவே வந்துகொண்டிருக்கும் முறை, அந்தக் கணத்தை நீக்கிவிட்டது. அதற்காக அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். விளையாட்டிலாவது ஒரு கட்டம் முடிந்தது என்று திரையே அறிவிக்கும். செய்தி ஓடையில் அந்த அறிவிப்பை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நானும் பின்னிரவு ஒரு மணி வரை படித்துவிட்டு, காலையில் படித்த எதையும் நினைவுகூர முடியாமல் விழித்தவன்தான். இப்போது ஆறு தளங்களை மட்டும் ஆர்எஸ்எஸ் ஓடை (நாம் தேர்ந்த தளங்களின் புதிய பதிவுகளை ஒரே பட்டியலாகத் தரும் வசதி) வழியாகத் தொடர்கிறேன். புதியவை தீர்ந்ததும் பட்டியல் காலியாகிவிடுகிறது. அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கச் செல்கிறேன்.

கேள்வி: "பிறகு படிக்கலாம்" என்று சேமித்த கட்டுரைகள் அறுநூறைத் தாண்டிவிட்டன. என்ன செய்யலாம்?

இருபதை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள், தம்பி. 2007இல் தொடங்கி பலரும் நம்பிச் சேமித்துவந்த பாக்கெட் சேவையே 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. உண்மையிலேயே வேண்டியதைப் படித்து, அதன் சாரத்தை இரண்டு வரியில் உங்கள் சொற்களிலேயே எழுதி வைத்தால், கட்டுரை தொலைந்தாலும் கவலையில்லை.

கேள்வி: போட்டித் தேர்வுக்குத் திரையில் படிக்கலாமா, அச்சில் படிக்க வேண்டுமா?

54 ஆய்வுகளை, அதாவது 1,70,000க்கும் மேற்பட்டோரின் வாசிப்பை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், தகவல் சார்ந்த பாடங்களைப் புரிந்துகொள்வதில் அச்சு முந்தியது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இடைவெளி இன்னும் கூடியது. கதைகளுக்கு அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே கடினமான பாடங்களை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். நடப்புச் செய்திகளைத் திரையிலேயே படிக்கலாம்.