பெயர் இல்லாத முகப்புப் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பெயரையும் பழைய வாழ்க்கையையும் விட்டுவிட்டு வேறொரு ஆளாக வாழத் துணிந்தவர்களைப் பற்றிய புத்தகங்கள் என்றால் எனக்கு உயிர். இப்போது அவற்றின் முதல் பதிப்புகளைச் சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. என் நண்பரோ, "எந்தப் பதிப்பில் படித்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதானே, பழைய தாளுக்கு எதற்கு இவ்வளவு காசு?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் தொடங்கலாமா? விலை கேட்டால் பயமாக இருக்கிறது. வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

நண்பர் சொல்வது நிறையப் புத்தகங்களுக்குச் சரி. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் விஷயத்துக்கு மட்டும் சரிவராது. அடையாளம் பற்றிய புத்தகங்களில் முகப்புப் பக்கமும் கதையில் சேர்த்திதான். எழுதியவர் அன்றைக்குத் தன்னை யாரென்று ஊருக்குச் சொல்லத் துணிந்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் முதல் பதிப்பில்தான் பதிந்திருக்கிறது. பின்னால் வரும் பதிப்புகள் நல்ல எண்ணத்தோடு அதைச் சரிசெய்துவிடுகின்றன. அதோடு அந்தத் தடயமும் போய்விடுகிறது.

1912-ல் பாஸ்டனில் 'தி ஆட்டோபயோகிராஃபி ஆஃப் அன் எக்ஸ்-கலர்ட் மேன்' (முன்பு கறுப்பினத்தவனாக இருந்த ஒருவனின் சுயசரிதை) என்ற புத்தகம் வெளிவந்தது. கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, வெளுத்த தோல் நிறத்தால் வெள்ளையனாகவே வாழ முடிவெடுக்கும் ஒருவன் தன் கதையைச் சொல்கிறான். முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே கிடையாது. கதைசொல்லியும் கடைசிவரை தன் பெயரைச் சொல்வதில்லை. உண்மையில் அது நாவல். எழுதிய ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் அப்போது அமெரிக்கத் தூதரகப் பணியில் இருந்தார். வாசகர்கள் இதை ஒரு நிஜ மனிதனின் வாக்குமூலமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1927-ல் நாஃப் நிறுவனம் மறுபதிப்புப் போட்டபோதுதான் அவர் பெயர் அட்டைக்கு வந்தது. 1927 பதிப்பைப் பிரிக்கிறவர் நாவலைப் படிக்கிறார். 1912 பிரதியைப் பிரித்தவர் யாரோ முகம் தெரியாத ஒருவரின் ரகசியத்தைப் படித்தார். வாசகம் ஒன்று, வாசிப்பு வேறு. நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிட என்னை உலுக்கிய புத்தகம் 1861-ல் வந்த 'இன்சிடெண்ட்ஸ் இன் தி லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்'. அடிமையாகப் பிறந்து, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பொந்தில் ஒளிந்திருந்து, பிறகு தப்பிப்போன பெண்ணின் சரிதம். முகப்புப் பக்கத்தில் "அவளே எழுதியது" என்று இருக்கிறது. எவள் என்று இல்லை. உள்ளே அவள் தன்னை லிண்டா பிரெண்ட் என்கிறாள். அச்சில் முழுப்பெயரோடு இருப்பவர் எல். மரியா சைல்ட், தொகுத்துச் செப்பனிட்டவர். கீழே பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஆசிரியருக்காக வெளியிடப்பட்டது" என்ற ஒரு வரி. ஒத்துக்கொண்டிருந்த பதிப்பகம் திவாலாகிவிட, அச்சுத் தகடுகளை எழுதியவரே வாங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

அந்தப் பெண் ஹாரியட் ஜேக்கப்ஸ். இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் இதைக் கற்பனைக் கதை என்றும் சைல்டே எழுதியிருப்பார் என்றும் அறிஞர்கள் நம்பினார்கள். ஜீன் ஃபேகன் எலின் பழைய கடிதங்களை ஆராய்ந்து, எழுதியவர் ஜேக்கப்ஸ்தான் என்று நிறுவினார். அவருடைய ஆய்வுப்பதிப்பு 1987-ல் வந்தது. இன்று கடையில் வாங்கும் பிரதியில் ஜேக்கப்ஸ் பெயர் பெரிதாக இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் 1861 முகப்புப் பக்கத்தைப் பார்த்தால்தான் ஒரு பெண் எவ்வளவு மறைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லியிருக்கிறாள் என்பது உறைக்கும்.

இதற்கு நேர்மாறானது ஃபிரெடரிக் டக்ளஸின் சுயசரிதை, 1845. அடிமையாக, பெய்லி என்ற பெயரோடு பிறந்து, தப்பி வந்தபின் டக்ளஸ் என்ற பெயரை ஏற்றவர். அந்தப் பெயரைத் தலைப்பிலேயே போட்டு, "அவரே எழுதியது" என்று அச்சிட்டு, தன்னை உடைமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களையும் உள்ளே எழுதிவிட்டார். சட்டப்படி அப்போதும் அவர் தப்பியோடிய அடிமை. பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நிலையில் அதே ஆண்டு பிரிட்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. பெயரை அச்சிடுவது அவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

சில்வியா பிளாத் தன் வாழ்க்கையை ஒட்டி எழுதிய 'தி பெல் ஜார்' நாவல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1963 ஜனவரியில் ஹெய்ன்மன் வெளியிட்டபோது ஆசிரியர் பெயராக இருந்தது விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிளாத் இறந்துவிட்டார். அவர் பெயரிலேயே வந்த முதல் பதிப்பு ஃபேபர், 1966. சேகரிப்பவர்கள் இரண்டையுமே தேடுகிறார்கள். நியாயம்தான்.

சரி, கேட்ஸ்பிக்கு வருவோம். 1925 ஏப்ரலில் ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகம் போட்ட முதல் அச்சு 20,870 பிரதிகள். அன்றைக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. புத்தகம் இன்றும் கிடைக்கிறது, அட்டைக்கு மேல் போர்த்தும் தாளான மேலுறைதான் கிடைப்பதில்லை. புத்தகத்தைவிட மேலுறை சற்று உயரமாக வெட்டப்பட்டிருந்ததால் மேல் விளிம்பு சீக்கிரம் கிழிந்தது, மக்களும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேலுறையோடு நல்ல பிரதி என்றால் லட்சம் டாலரைத் தாண்டும். அது இல்லாத பிரதி அதில் ஒரு சிறு பங்குக்கு வரும்.

அந்த மேலுறையில் நான் மணிக்கணக்காகப் பேசக்கூடிய ஓர் இடம் உண்டு. பின்பக்க வாசகத்தில் நாவலின் நாயகன் ஜே கேட்ஸ்பி என்ற பெயரின் முதல் எழுத்து, பெரிய எழுத்தாக வர வேண்டியது, சிறிய எழுத்தில் அச்சாகிவிட்டது. பிரதி பிரதியாகக் கையால் மையிட்டுத் திருத்தினார்கள். ஜேம்ஸ் கேட்ஸ் என்ற ஏழைப் பையன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பெயரை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து பேனாவால் நிமிர்த்தியிருக்கிறார். இதை எந்த மலிவுப் பதிப்பு காட்டும்?

ஆனாலும் கேட்ஸ்பியில் தொடங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. எல்லோரும் துரத்தும் புத்தகம், போலிக்கும் ஒட்டுவேலைக்கும் அதில்தான் அதிக இடம். வேறொரு பிரதியின் மேலுறையைக் கழற்றி இதில் மாட்டியிருப்பார்கள், நகல் மேலுறையும் போட்டிருப்பார்கள். சொல்லிவிட்டு விற்றால் தவறில்லை. "மேலுறை இந்தப் பிரதிக்கே உரியதா, செப்பனிடப்பட்டதா?" என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம், முதல் பதிப்பும் முதல் அச்சும் ஒன்றல்ல. ஒரே பதிப்பைப் பலமுறை அச்சடிப்பார்கள், மதிப்பு முதல் அச்சுக்கே. பிந்தைய காலப் புத்தகங்களில் பதிப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று காட்டும் எண் வரிசையில் 1 இருந்தால் பொதுவாக முதல் அச்சு. ராண்டம் ஹவுஸ் மாதிரி சிலர் நெடுங்காலம் "முதல் பதிப்பு" என்று போட்டு எண்ணை 2-ல் தொடங்கினார்கள். பழைய புத்தகங்களில் இந்த வரிசையே இருக்காது. கேட்ஸ்பியில் 60-ம் பக்கத்தில் 'சாட்டர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அடுத்த அச்சில் அது 'எக்கோலேலியா' ஆகிவிட்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இப்படித் தனி அடையாளம் உண்டு. அந்த ஆசிரியரின் பதிப்புகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் நூல்விவரப் பட்டியலைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

முதலில் வந்தது எப்போதும் ஆசிரியருக்கு நெருக்கமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். தன்னைத் தானே செதுக்கிக்கொண்டவர் என்றதும் பலரும் சொல்வது பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையை. அது முதலில் நூலானது 1791-ல், பாரிஸில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். அவர் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1793-ல் லண்டனில் வந்த ஆங்கிலப் பதிப்புகூட பிரெஞ்சிலிருந்து திருப்பி மொழிபெயர்த்தது. கையெழுத்துப் பிரதியை ஒட்டிய வடிவம் 1868 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃபிராங்க்ளினின் குரல்தான் வேண்டுமென்றால் நான் 1868 பதிப்பையே எடுப்பேன்.

எதில் தொடங்குவது என்றால், 'எக்ஸ்-கலர்ட் மேன்' நாவலின் 1927 நாஃப் பதிப்பு. அது முதல் பதிப்பு இல்லை, தெரியும். ஜான்சன் தன் பெயரை முதன்முதலாக ஒப்புக்கொண்ட பதிப்பு அது, 1912 பிரதியைவிட எளிதாகவும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெயரில்லாத பிரதியை நிதானமாகத் தேடுங்கள். இரண்டும் சேர்ந்த அன்றைக்கு நண்பரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்.