எந்த டெர்மினலில் நல்ல லவுஞ்ச்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெர்மினலை முடிவு செய்வது விமான நிறுவனம்தான், பயணி அல்ல. ஆனால் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும்போது, எதில் டிக்கெட் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து டெர்மினல் மாறும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சுற்றுகின்றன. லவுஞ்ச் (விமான நிலையத்துக்குள் சாப்பாடு, இருக்கை வசதியுடன் உள்ள தனிக் காத்திருப்பு அறை) எவ்வளவு அழகானது என்று பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். உள்ளே போக உங்களுக்கு எதனால் உரிமை வருகிறது: டிக்கெட் வகுப்பா, உறுப்பினர் தகுதியா, வங்கி கார்டா? பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் அந்த விமான நிலையத்தில் டெர்மினல் விட்டு டெர்மினல் போக முடியுமா? லவுஞ்சிலிருந்து கேட் எவ்வளவு தூரம்?

கேள்வி: பிரிட்டிஷ் ஏர்வேஸில் சில்வர் உறுப்பினர் நான். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் போகிறேன், எகானமி டிக்கெட். 5ஆம் டெர்மினலை விட 3ஆம் டெர்மினல் லவுஞ்சுகள் நன்றாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், லண்டன்)

உண்மைதான். உங்கள் வழித்தடத்தில் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. சில்வர் என்பது ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சஃபையர் தகுதிக்குச் சமம். எகானமியில் பறந்தாலும், புறப்படும் டெர்மினலில் உள்ள எந்த ஒன்வேர்ல்ட் நிறுவனத்தின் பிசினஸ் லவுஞ்சுக்குள்ளும் போகலாம்.

5ஆம் டெர்மினலில் இந்த உரிமைக்கு உதவுபவை பிரிட்டிஷ் ஏர்வேஸின் சொந்த லவுஞ்சுகள் மட்டுமே. இடம் பெரியது, கூட்டமும் பெரியது. காலை 7 மணிக்குத் தெற்கு லவுஞ்சில் இருக்கை தேடி அலைய வேண்டிவரும். 3ஆம் டெர்மினலில் கேதே பசிபிக், குவாண்டாஸ், அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் என நான்கு நிறுவனங்களின் லவுஞ்சுகள் இருக்கின்றன. ஒன்று நிரம்பியிருந்தால் அடுத்ததற்கு நடந்துவிடலாம். கேதேயின் பிசினஸ் பகுதியில் நூடுல் கவுன்ட்டர் இருக்கிறது. கேட்ட பிறகு சூடாகச் செய்து தருவார்கள். 2017இல் திறந்த குவாண்டாஸ் லவுஞ்ச் இரண்டு தளங்கள் கொண்டது, அங்கே மெனு பார்த்து ஆர்டர் செய்து சாப்பிடலாம். எங்கள் தேர்வு: சாப்பாட்டுக்குக் கேதே, சற்று நீண்ட நேரம் உட்கார குவாண்டாஸ்.

லண்டன்–நியூயார்க் தடத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூட்டாக விற்கின்றன. அமெரிக்கன் இயக்கும் விமானம் 3ஆம் டெர்மினலிலிருந்து கிளம்பும், அதைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் எண்ணிலும் வாங்கலாம். பதிவு செய்யும்போது "இயக்குபவர்" என்ற வரியையும் டெர்மினல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். திரும்பி வரும்போது இந்தக் கவலை இல்லை. 2022 டிசம்பர் முதல் நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இரு நிறுவனங்களும் 8ஆம் டெர்மினலில்தான் இருக்கின்றன. உங்கள் தகுதிக்கு அங்கே கிரீன்விச் லவுஞ்ச்.

பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. 5ஆம் டெர்மினல் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு 3ஆம் டெர்மினலுக்குள் நுழைய முடியாது. பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே பாஸை ஸ்கேன் செய்வார்கள், டெர்மினல் பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. தவறான டெர்மினலில் இறங்கிவிட்டால் பதற்றம் வேண்டாம், டெர்மினல்களுக்கு இடையே ரயில் இலவசம். ஆனால் காத்திருப்பையும் நடையையும் சேர்த்து அரை மணி நேரமாவது போய்விடும்.

நீங்கள் சில்வருக்கு மேலான கோல்டு உறுப்பினராக இருந்திருந்தால் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். கோல்டுக்கு 5ஆம் டெர்மினலில் ஃபர்ஸ்ட் விங் என்ற தனி வழி உண்டு. செக்-இன், பாதுகாப்புச் சோதனை இரண்டும் அங்கேயே முடிந்து நேராக லவுஞ்சுக்குள் போய்விடலாம். கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதுவே மேல். இரண்டரை மணி நேரம் இருந்தால் 3ஆம் டெர்மினலில் கேதேயின் ஃபர்ஸ்ட் பகுதி. அங்கே மேசைக்கே வந்து பரிமாறும் உணவறை இருக்கிறது.

5ஆம் டெர்மினலில்தான் போயாக வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறோம். கேட் பி அல்லது சி என்று வருமானால், முக்கியக் கட்டடத்தில் (ஏ) உட்காராமல் தரைக்கடியில் ஓடும் ரயிலில் பி கட்டடத்துக்குப் போய்விடுங்கள். அங்கும் ஒரு லவுஞ்ச் இருக்கிறது, கூட்டம் குறைவு, கேட்டும் பக்கம். ஏ பகுதியில் கடைசி நிமிடம் வரை இருந்துவிட்டு சி கேட்டுக்கு ஓடுபவர்களைத் தினமும் பார்க்கலாம். அந்தத் தூரத்துக்கு 20 நிமிடம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் பிசினஸ் வகுப்பில் லண்டனிலிருந்து கொழும்பு போகிறோம். அவர்களுக்கென்று லண்டனில் சொந்த லவுஞ்ச் இல்லையே, என்ன செய்வது? (வாசகர், ஹாரோ)

இல்லாததே உங்களுக்கு நல்லது. ஸ்ரீலங்கன் 2014 முதல் ஒன்வேர்ல்ட் உறுப்பினர், கிளம்புவது 3ஆம் டெர்மினலிலிருந்து. மேலே சொன்ன பிசினஸ் லவுஞ்சுகள் உங்களுக்கும் திறந்தவை. செக்-இன் கவுன்ட்டரில் ஒரு லவுஞ்சின் பெயரை மட்டும் எழுதிய அழைப்புச் சீட்டைத் தரலாம். அந்த ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, பிசினஸ் என்று அச்சிட்ட போர்டிங் பாஸே போதும். மாலை விமானம் என்றால் லவுஞ்ச் மூடும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா லவுஞ்சும் கடைசி விமானம் வரை திறந்திருக்காது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஸ்கூட்டில் போகிறேன், 1ஆம் டெர்மினல். கார்டில் லவுஞ்ச் வசதி உண்டு. 3ஆம் டெர்மினல் லவுஞ்சுக்குப் போக முடியுமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

தாராளமாகப் போகலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 ஆகிய மூன்றும் குடிநுழைவுச் சோதனைக்கு அப்பால் ஒன்றோடொன்று இணைந்தவை. டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெய்ன் ரயிலில் சில நிமிடங்கள், விரும்பினால் நடக்கவும் செய்யலாம். அதனால் சாங்கியில் லவுஞ்சுக்காக விமானத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எந்த விமானம் மலிவோ அதை எடுங்கள், லவுஞ்சைப் பிறகு தேர்ந்தெடுங்கள். சாட்ஸ் பிரீமியர் லவுஞ்ச் மூன்று டெர்மினலிலும் உண்டு. 3ஆம் டெர்மினலில் மார்ஹபா, அம்பாசடர் என்று கூடுதல் தேர்வுகளும் இருக்கின்றன. உங்கள் கார்டின் செயலியில் எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன என்று பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இந்த மூன்று டெர்மினல்களிலும் பைகளைச் சோதிப்பது நுழைவாயிலில் அல்ல, கேட்டில். இதன் விளைவுகளை முதல்முறை போகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. லவுஞ்சில் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டிலைக் கேட்டில் காலி செய்ய வேண்டும். பல கேட்களின் காத்திருப்பு அறைக்குள் கழிப்பறை இல்லை, சோதனைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். திருச்சி விமானத்தில் கைப்பைகள் அதிகம், வரிசை மெல்ல நகரும். போர்டிங் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே கேட்டில் நிற்பது நல்லது. கேட் எழுத்தைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்: சி, டி என்றால் 1ஆம் டெர்மினல், இ, எஃப் என்றால் 2, ஏ, பி என்றால் 3.

விமான நிலையத்தை ஒட்டிய வணிக வளாகமான ஜுவலில் உள்ள சாங்கி லவுஞ்ச் குடிநுழைவுக்கு வெளியே இருப்பது. அங்கே உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் இருந்துவிட்டால், அதற்குப் பிறகுதான் குடிநுழைவு, ஸ்கைடிரெய்ன், கேட் சோதனை எல்லாம் பாக்கி இருக்கும்.

கேள்வி: அதே சாங்கி, ஆனால் ஏர் ஏசியா. 4ஆம் டெர்மினலிலிருந்து மற்ற டெர்மினலுக்குப் போய்வரலாமா? (வாசகர், ஜொகூர் பாரு)

வேண்டாம். 4ஆம் டெர்மினல் தனிக் கட்டடம், இணைப்பு பேருந்தில்தான். அங்கேயே பிளாசம் லவுஞ்ச் இருக்கிறது, அது போதும். பாதுகாப்புச் சோதனை அங்கே மொத்தமாக முன்பே முடிந்துவிடுவதால் கேட்டில் வரிசை கிடையாது.

கேள்வி: சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா. ஏர் ஏசியா டிக்கெட் மலிவு, மலேசியா ஏர்லைன்ஸ் விலை அதிகம். இடையில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏர் ஏசியாவில் போய், 1ஆம் டெர்மினல் லவுஞ்சைப் பயன்படுத்த முடியுமா? (வாசகர், தாம்பரம்)

முடியாது. கோலாலம்பூரில் 1, 2 டெர்மினல்களுக்கு உள்வழி இணைப்பு இல்லை. மலேசியாவுக்குள் நுழைவு முத்திரை பெற்று வெளியே வந்து, ரயிலில் மூன்று நிமிடம், 2 ரிங்கிட் கொடுத்துப் போக வேண்டும். போனாலும் 2ஆம் டெர்மினல் போர்டிங் பாஸை வைத்து 1ஆம் டெர்மினலில் புறப்பாட்டுப் பகுதிக்குள் விடமாட்டார்கள். ஒரு டெர்மினலில் இறங்கி மற்றதில் ஏறும்படி இரண்டு தனி டிக்கெட் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எம்டிஏசி என்ற மலேசிய டிஜிட்டல் வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் இதிலேயே போய்விடும்.

மலேசியா ஏர்லைன்ஸின் பிசினஸ் டிக்கெட் என்றால் 1ஆம் டெர்மினலில் கோல்டன் லவுஞ்ச். அதில் பெரியது முக்கியக் கட்டடத்திலிருந்து தனியே உள்ள சாட்டிலைட் கட்டடத்தில் இருக்கிறது, சி கேட்கள் உள்ள பகுதி. அங்கே போகும் ஏரோடிரெய்ன் ரயில் 2023 மார்ச்சில் நின்றுபோய் 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பேருந்துதான். பழைய பயணக் குறிப்புகளில் "பேருந்துக்கு அரை மணி நேரம்" என்று இருந்தால் அது அந்தக் காலத்தது.

ஆறு மணி நேரம் இரவில் வருகிறது என்றால் எங்கள் யோசனை வேறு. லவுஞ்ச் நாற்காலியில் தூங்க முயல வேண்டாம். இரண்டு டெர்மினலிலும் உள்ளேயே டிரான்ஸிட் ஹோட்டல் இருக்கிறது, மணிக்கணக்கில் அறை தருவார்கள். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து டெல்லி. இண்டிகோ 1ஆம் டெர்மினல், ஏர் இந்தியா 2ஆம் டெர்மினல். 2ஆம் டெர்மினலில் உள்ள 080 லவுஞ்சுக்காக ஏர் இந்தியாவில் போகலாமா? (வாசகர், ஓசூர்)

லவுஞ்ச் நன்றாகவே இருக்கும். 2022 நவம்பரில் திறந்த அந்த டெர்மினல் முழுவதுமே மூங்கிலும் செடிகொடிகளுமாகப் பார்க்க வேண்டிய கட்டடம். ஆனால் உள்நாட்டுப் பயணத்தில் லவுஞ்சுக்காக விமானத்தை மாற்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரணம் கார்டுதான். முந்தைய காலாண்டில் இவ்வளவு ரூபாய் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் என்ற நிபந்தனையைப் பல வங்கிகள் கொண்டுவந்துவிட்டன. லவுஞ்ச் வாசலில் கார்டைத் தேய்த்த பிறகுதான் "தகுதி இல்லை" என்று தெரியும், அதற்குள் இருபது நிமிடம் வரிசையில் நின்றிருப்பீர்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் வங்கிச் செயலியில் பாருங்கள். தேய்க்கும்போது சரிபார்ப்புக்கென 2 ரூபாய் போன்ற சிறு தொகை பிடிப்பது வழக்கம், அது மோசடி அல்ல. பிரையாரிட்டி பாஸை (பல நாட்டு லவுஞ்சுகளில் நுழைய உதவும் உறுப்பினர் அட்டை) இந்தியாவுக்குள் நீட்டும் முன் வங்கியின் விதியைப் படியுங்கள். பல வங்கிகள் அதை வெளிநாட்டுக்கு மட்டுமே இலவசமாக வைத்திருக்கின்றன, உள்நாட்டில் டாலர் கணக்கில் கட்டணம் பில்லில் வரும்.

உங்கள் பயணத்தில் டெல்லியில் எந்த டெர்மினலில் இறங்குகிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டுமானால் 3ஆம் டெர்மினலில் இறங்கும் விமானத்தை எடுங்கள். 1ஆம் டெர்மினல் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சாலை வழியாகச் சுற்றிவர வேண்டும். மறுபடி வாசலில் சிஐஎஸ்எஃப் சோதனை, மறுபடி வரிசை. இன்னொன்று: ஒரே கட்டடமாக இருந்தாலும் உள்நாட்டு டிக்கெட்டில் வெளிநாட்டுப் பகுதி லவுஞ்சுக்குப் போக முடியாது, நடுவில் இமிகிரேஷன் இருக்கிறது.

கேள்வி: எமிரேட்ஸ் பிசினஸ், சென்னை–துபாய்–லண்டன். துபாயில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். எதில் உட்காருவது? (வாசகர், அண்ணா நகர்)

ஏ பகுதி. இரண்டு தளங்கள் கொண்ட ஏ380 விமானங்களுக்கென்றே கட்டி 2013இல் திறந்தது அது. பிசினஸ் லவுஞ்ச் ஒரு தளம் முழுக்க நீள்கிறது. உங்கள் ஏ380 அங்கிருந்து கிளம்பினால் லவுஞ்சிலிருந்தே மேல்தளத்துக்கு ஏறிவிடலாம். கேட் பி அல்லது சி என்றால் அங்கேயே இருங்கள், அங்கும் லவுஞ்ச் உண்டு. ஏ-க்கும் பி-க்கும் இடையே ரயில் பிடிக்க வேண்டும், கேட்டோ புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடும். டிக்கெட் வாங்கும்போது கட்டண வகையைப் பாருங்கள்: "ஸ்பெஷல்" என்ற மலிவு பிசினஸ் கட்டணத்தில் லவுஞ்ச் சேராது.

கேள்வி: மனைவி, ஐந்து வயதுக் குழந்தை. எனக்கு மட்டும் கூட்டணி உறுப்பினர் தகுதி. மூவரும் போகலாமா? (வாசகர், கோவை)

பொது விதிப்படி ஒருவரை மட்டுமே அழைத்துப் போகலாம். ஐந்து வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில் வரும். ஒன்வேர்ல்ட் சஃபையர், இன்னொரு கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டு இரண்டிலும் ஒரு விருந்தினர்தான். ஸ்டாரில் அவர் உங்கள் விமானத்திலேயே பறக்க வேண்டும். ஒன்வேர்ல்டில் அந்தக் கூட்டணியின் ஏதாவதொரு விமானம் போதும். தகுதி இல்லாமல் பிசினஸ் டிக்கெட் மட்டும் வைத்திருப்பவர் இரண்டு கூட்டணியிலும் யாரையும் அழைத்துப் போக முடியாது. மூன்றாவது ஆளுக்கு இன்னொரு வழி, மனைவி பெயரில் கூடுதல் கார்டு வாங்கிக் கார்டு லவுஞ்சுக்குப் போவது.

உங்கள் விமானத்தை யார் இயக்குகிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். டர்க்கிஷ் எண்ணில் விற்கப்பட்டாலும் ஓட்டுவது இண்டிகோ என்றால் ஸ்டார் கோல்டு அங்கே செல்லாது. இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை, உங்களுக்கே இடமில்லை என்றால் விருந்தினர் பேச்சுக்கே வழியில்லை.