அம்மா நேர்ந்தது, அட்டையில் வந்தது: எது அழைப்பு?

வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் அழைப்பு, அதாவது கடவுள் ஒருவரைத் தம் பணிக்குக் கூப்பிடுவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். சீர்திருத்த சபையாரும் கத்தோலிக்கரும் எழுதியிருப்பதால் ஊழியம், இறையழைத்தல் என்ற இரண்டு சொற்களும் கலந்தே வரும்.

வயது 26. தேசிய சேவையும் படிப்பும் முடித்துப் பொறியாளராக இருக்கிறேன். ஓராண்டாக முழுநேர ஊழியம் செய்ய வேண்டும் என்ற பாரம், மனதை விடாத ஓர் உந்துதல். யாரிடம் கேட்டாலும் "ஜெபம் பண்ணுங்க தம்பி" என்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது? திருமணம் நிச்சயமாகி, பிடிஓ (அரசு புதிதாகக் கட்டித் தரும் அடுக்குமாடி) வீட்டுக்கும் பதிந்திருக்கிறோம்.
– வாசகர், ஈசூன்

ஜெபம் பண்ணச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். 30 நாள், படுக்குமுன் 15 நிமிடம். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம்: இன்று பாரம் எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது. வலப்பக்கம்: அன்று வேறு என்ன நடந்தது. மேலதிகாரி கூட்டத்தில் வைத்துக் கடிந்துகொண்டாரா, ஆராதனையில் பாட்டு உருக்கியதா, உபவாசக் கூடுகைக்குப் போய் வந்தீர்களா. மாதக் கடைசியில் மொத்தமாகப் படியுங்கள். அலுவலகத்தில் அடிபட்ட நாள்களில் மட்டும் பாரம் ஏறியிருந்தால் அது வேலை மேல் வந்த வெறுப்பு. கம்பெனி மாறினாலே தீரக்கூடியது. ஞாயிறு மாலை பொங்கிச் செவ்வாய் காலை எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது அடங்கிவிட்டால் உணர்ச்சி. எதுவுமே நடக்காத ஒரு சப்பென்ற வியாழக்கிழமையிலும் அது போகாமல் உட்கார்ந்திருந்தால், அடுத்த படிக்குப் போகலாம்.

இது புது உத்தி அல்ல. 1521-ல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை முறித்துப் படுக்கையில் கிடந்த லொயோலா இஞ்ஞாசியார் (பின்னாளில் கத்தோலிக்க இயேசு சபையை நிறுவியவர்) கவனித்தது இதைத்தான். வீரதீரக் கனவுகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு வறட்சி. புனிதர்களைப் போல வாழலாம் என்ற நினைப்பு விலகிய பின்னும் இனிப்பு நின்றது. அவர் பிற்பாடு வகுத்த விதிகளில் ஒன்று: மனம் வறண்டிருக்கும் நாளில், தெளிந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே. சீர்திருத்த சபையாரும் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சபை. பவுல் தனக்கு அழைப்பு என்று அறிவித்துவிட்டுக் கப்பல் ஏறவில்லை. அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியா சபையார் உபவாசித்து ஜெபித்துக் கை வைத்த பிறகே அனுப்பினார்கள். உங்கள் போதகரிடம் ஆறு மாதத்துக்கு வேலை கேளுங்கள். மேடைப் பிரசங்கம் வேண்டாம். மைக் எல்லோருக்கும்தான் பிடிக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி வகுப்பு, ஆஸ்பத்திரி சந்திப்பு, புளோக் கீழ்த்தளத்தில் துக்கவீட்டுக் கொட்டகை போட்டிருக்கும் இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பது. அலுத்துப்போகிறதா, ஆழமாகிறதா என்பது இங்கேதான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: போதகர், முகத்துக்கு நேரே பேசும் ஒரு மூப்பர், சபைக்கு வெளியே உங்களோடு வேலை செய்யும் ஒருவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள், 1 தீமோத்தேயு 3:7 புறம்பானவர்களின் நற்சாட்சியைக் கேட்கிறது. "எனக்கு அழைப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "நான் எதில் சொதப்புகிறேன்? என்னால் யாருக்காவது பயன் இருந்ததா, யாருக்கு?" என்று கேளுங்கள்.

பிறகு கணக்கு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்ப்பான் என்கிறது லூக்கா 14:28. சம்பளம் நின்றால் மத்திய சேமநிதிக்குப் பணம் போவதும் நிற்கும். வீட்டுத் தவணையில் உங்கள் பங்கு, சேமநிதியில் இருப்பது தீர்ந்த அன்றிலிருந்து ரொக்கம். கல்வி உதவித்தொகை ஒப்பந்தம் இருந்தால் அதன் மீதிக் காலம், பெற்றோருக்கு மாதம் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அதை நிச்சயித்த பெண்ணிடம் காட்டுங்கள். "கர்த்தர் சொல்லிவிட்டார்" என்று பேச்சைத் தொடங்கினால் அவர் வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரின் சம்மதம் சம்மதம் ஆகாது.

1948-ல் தொடங்கி இப்போது அப்பர் புக்கிட் தீமா சாலையில் நடக்கும் டிரினிட்டி இறையியல் கல்லூரி, 1952-ல் தொடங்கி இப்போது ஆடம் சாலையில் இருக்கும் சிங்கப்பூர் பைபிள் கல்லூரி போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது சபையின் பரிந்துரையும், அழைப்பைப் பற்றி நீங்களே எழுதிய சாட்சியும் தேவைப்படும். நோட்டுப் புத்தகம் அங்கே கைகொடுக்கும். வேலையை விடுமுன் பகுதிநேரமாக ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். படிப்பு ஆங்கிலத்தில், பிரசங்கம் தமிழில் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ் வேதாகமத்தைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள் முதல் துக்கவீட்டிலேயே திணறுகிறார்கள்.

ராஜினாமாக் கடிதம் கடைசிப் படி. அதை விசுவாசத்தின் முதல் அடையாளமாக நினைத்துக் கொடுப்பவர்கள்தான் ஓராண்டில் சோர்ந்து திரும்புகிறார்கள்.

சிறுவயதில் எனக்குக் கடும் காய்ச்சல். பிழைத்தால் குருவாக்குகிறேன் என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். இப்போது 29 வயது. ஒரு பெண்ணை மணக்க விரும்புகிறேன். அம்மா அழுகிறார். நேர்ச்சையை மீறினால் பாவமா?
– வாசகர், செங்காங்

உங்களுக்கு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1193-ஆம் எண்ணில் ஒரே வரியில் சொல்கிறது: நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். அதுமட்டுமல்ல, 1026-ஆம் எண்ணின்படி யாரையும் எந்த வகையிலும் கட்டாயப்படுத்திக் குருப்பட்டம் பெறவைக்கக் கூடாது. அம்மாவின் கண்ணீருக்காக குருமடம் போகிறேன் என்று அங்கே உண்மையைச் சொன்னால் பயிற்சி தருபவர்களே உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

அன்னாளை உதாரணம் காட்டுவார்கள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்ட அவள், பிறந்த சாமுவேலை ஆலயத்தில் விட்டது மெய்தான். ஆனால் 1 சாமுவேல் 3-ஐ நிதானமாக வாசியுங்கள். வருடக்கணக்கில் ஆலயத்திலேயே வளர்ந்த பிள்ளை அப்போதும் ஆண்டவரை அறியாதிருந்தான் என்கிறது வசனம். தாயின் நேர்ச்சை அவனை ஆலய வாசல்வரை கொண்டுவந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆண்டவர். அதையும் மூன்று தரம் ஆலயக் குரு ஏலியின் குரல் என்றே நினைத்து ஓடினான். கண் மங்கிய அந்தக் கிழவர்தான் அது யார் குரல் என்று எடுத்துச் சொன்னார்.

இனி அம்மாவின் பாரம். அவர் கொடுத்த வாக்கு அவர் மனசாட்சியை உறுத்துகிறது, அதைச் சிறிதாக்கிப் பேசாதீர்கள். பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அல்லது அதற்கு ஈடான வேறொரு நற்செயலாக அம்மாவே மாற்றிக்கொள்ளலாம், உதாரணமாக ஓர் ஏழை குருமாணவரின் படிப்புக்கு உதவுவது. ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் தமிழிலேயே பேசலாம். பல அம்மாக்களுக்கு இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லவே வராது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது இரண்டாம் முறைக்கு.

புத்தாண்டு ஆராதனையில் கூடையிலிருந்து எடுத்த வாக்குத்தத்த (வசன) அட்டையில் எரேமியா 29:11, நல்ல எதிர்காலம் தருவேன் என்ற வசனம், வந்தது. வேலை மாற இது அழைப்பா? கிதியோனைப் போல இன்னொரு அடையாளம் கேட்கலாமா?
– வாசகி, பொங்கோல்

அந்தக் கூடையில் அதே வசனம் இன்னும் எத்தனை அட்டையில் இருந்தது என்று அச்சடித்தவரைக் கேட்டுப் பாருங்கள்! அட்டை ஆறுதலுக்கு. நல்ல வழக்கம்தான், ஆனால் முடிவெடுக்கும் கருவி அல்ல. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனம் 70 வருஷம் முடிந்த பிறகே திரும்பிவரச் செய்வேன் என்கிறது. உடனே புறப்படு என்பதற்கு நேர் எதிரானது.

கிதியோனுக்கு வருவோம். நியாயாதிபதிகள் 6-ல் அவனுக்கு "போ" என்ற கட்டளை, ஆட்டுத் தோலைக் களத்தில் போட்டுப் பனியை அடையாளமாகக் கேட்குமுன்பே தெளிவாக வந்துவிட்டது. தோல் அவன் பயத்துக்கு. "கோபம் வேண்டாம்" என்று கெஞ்சித்தான் இரண்டாம் தரம் கேட்கிறான். "வெள்ளிக்கிழமைக்குள் போன் வந்தால் ஆண்டவர் சித்தம்" என்று நாமே விதி போடுவது அதைப் போன்றதல்ல. புது வேலையின் சம்பளம், நேரம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைக் கணவரோடு பேசித் தீர்மானியுங்கள்.

துவாஸ் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கிறேன். அறையில் எட்டுப் பேர் இரவில் ஜெபிக்கிறோம், நான்தான் நடத்துகிறேன். வேலையை விட்டுவிட்டு இங்கேயே சுவிசேஷகராக ஆசை. ஏஜென்ட் கடன் இன்னும் இருக்கிறது.
– சகோதரர், துவாஸ்

தம்பி, கடன் முதலில். அதை ஊரில் அப்பா தலையில் வைத்துவிட்டு ஊழியம் தொடங்கினால், முதல் சாட்சியே கெட்டுவிடும். உங்கள் வேலை அனுமதி அதில் பெயர் எழுதிய முதலாளியிடம் வேலை செய்ய மட்டுமே. வேலையை விட்டால் அனுமதியும் போகும். யாராவது காணிக்கை கொடுத்துப் பிரசங்கத்துக்குக் கூப்பிட்டால் வாங்கிக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்தாலும் சிக்கல் உங்களுக்கு.

மேலே சொன்ன எரேமியா 29 உண்மையில் உங்களுக்குத்தான் பொருந்துகிறது. ஏழாம் வசனம், கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே பேசினார். அந்த எட்டுப் பேர் ஏற்கெனவே உங்கள் ஊழியம். கூட்டம் பெரிதானால் விடுதி நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர் அறையில் இருந்தால் பாட்டு வேண்டாம். ஞாயிறு ஒரு தமிழ்ச் சபையோடு இணைந்து, அங்கே உங்களைக் கவனிக்க ஒரு போதகர் இருக்கட்டும். ஊர் திரும்பிய பின் முறையாகப் படிக்கலாம். திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1903-லேயே தங்கள் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்கள். அங்கே வழிகாட்ட ஆள் இருக்கும்.

வயது 58. கன்னியர் மடம் சேர வேண்டும் என்று இளமையில் தோன்றியது. தம்பி தங்கைகளுக்காக விட்டுவிட்டேன். அழைப்பைத் தவறவிட்டேனா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

மாற்கு 5-ல் பேய் பிடித்திருந்து குணமான மனிதன் இயேசுவோடு கூட வரக் கெஞ்சுகிறான். இயேசு சம்மதிக்கவில்லை; உன் வீட்டாரிடம் போ என்கிறார். அதுவும் அழைப்புதான். நீங்கள் தம்பி தங்கைகளை வளர்த்த வருடங்களை ஏன் மறுப்பு என்று எண்ணுகிறீர்கள்?

இப்போது நேரம் இருந்தால், பங்கில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவைக் கேளுங்கள். தாதிமை இல்லங்களில் தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள், வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட விவிலியம் ஒன்று. மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்.