வீட்டை வைத்து எம்.எஸ். வேண்டாம்

அம்மா, உங்கள் மகள் பி.இ. சிவில் முடித்துவிட்டாள், வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க 45 லட்சம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பது ஒரே வீடு, அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறீர்கள். வீட்டை அளந்து மதிப்பு போட வந்த வேல்யூவர் தெரிந்தவர்தான், மதிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தருவார் என்கிறார் உங்கள் தம்பி. உங்கள் பயம் புரிகிறது. அதற்காக ஆறுதல் சொல்லி அனுப்ப மாட்டேன். இந்தக் கடனை வாங்காதீர்கள். கூட்டிப் போட்டால் கடன்தான் கூடும், வீட்டின் விலை கூடாது. தவணை தவறி ஏலத்துக்குப் போனால் சந்தை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வராது.

ஐ.டி., அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் வேறு வழி சொல்கிறேன். வீட்டை அளந்த அன்று உங்கள் மகள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் ஏன் இத்தனை வித்தியாசம், தெருக்குத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று அந்த வேல்யூவரைத் துளைத்தாளாமே! அதிகப்பிரசங்கித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மனம் போகும் வழி அந்த மதிப்பீட்டுத் தொழில்தான்.

நிலம், கட்டடத்துக்கான பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆக சிவில் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வேண்டும். 50 மணி நேரப் பயிற்சி முடித்து, ஐபிபிஐ எனும் இந்திய நொடிப்பு, திவால் வாரியம் நடத்தும் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். செலவு எம்.எஸ். கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது. முதல் சில வருடம் மூத்த வேல்யூவரிடம் சொற்பச் சம்பளம்தான். அதை மறைக்க மாட்டேன்.

தம்பிக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தத் தொழிலில் நம்பகமான கையெழுத்துக்குத்தான் காசு. சொத்தில் தனக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதை அறிக்கையிலேயே எழுத வேண்டும் என்கின்றன பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017 விதிகள். எதற்காக மதிப்பீடு, என்ன நேரில் பார்த்து விசாரித்தோம், தகவல் எங்கே கிடைத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். காரியம் முடிந்தால் இவ்வளவு என்று பேசி ஃபீஸ் வாங்கக் கூடாது. நடுநிலையைக் குலைக்கிற பரிசை வீட்டார்கூடத் தொடக் கூடாது. கம்பெனிச் சட்டம் 247-வது பிரிவு இன்னும் கறார்: முந்தைய மூன்றாண்டில் தனக்குப் பங்கிருந்த சொத்தை மதிப்பிடக் கூடாது, மதிப்பிட்டபின் மூன்றாண்டுக்கு அதில் பங்கு சேரவும் கூடாது. ஏமாற்றும் நோக்கோடு மீறினால் ஓராண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம். வாங்கிய ஃபீஸையும் திருப்பித் தர வேண்டும்.

தம்பி மனை கமிஷன் தொழில் பார்க்கிறவர். அவர் கொண்டுவரும் மனைக்கு அக்கா மகள் மதிப்பு போட்டுக் கொடுக்க முடியாது. இதை இப்போதே பேசிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை திரும்ப வாங்குங்கள். அடுத்த முறை மகளோடு வாருங்கள். தம்பி வர வேண்டியதில்லை.