முகத்திரையோடு வருபவர்களுக்கு அறை இல்லை என்று போர்டு வைக்கலாமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கொடைக்கானலில் ஏழு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்ன காட்டேஜ் நடத்துகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆன்லைனில் முன்பணம் கட்டிய ஒரு குடும்பம் வந்தது. மனைவியும் மாமியாரும் கண் மட்டும் தெரியும்படி புர்கா அணிந்திருந்தார்கள். ரிசப்ஷனில் இருந்த பையன், ஆதாரில் உள்ள முகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும், துணியை விலக்குங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். அவர்கள் தயங்கியதும் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போயிருக்கிறான். கணவர் சத்தம் போட, ஹாலில் இருந்தவர்கள் வீடியோ எடுக்க, ரூமே வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். முன்பணத்தை நாங்கள் திருப்பித் தரவில்லை. இப்போது போலீசில் புகார் கொடுக்கப் போவதாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். இதைக் கேள்விப்பட்ட எங்கள் தெரு வியாபாரிகள், முகத்தை மூடி வருபவர்களுக்கு அறையிலும் கடையிலும் அனுமதி இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி போர்டு வைக்கத் தீர்மானம் போடலாம் என்கிறார்கள். பாதுகாப்புக்குத்தானே கேட்கிறோம்? பிரான்சில் சட்டமே இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை?

பதில்: ஐயா, தங்க வருபவர் யார் என்று சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. முகத்தை மூடியவர் வாசலுக்குள்ளேயே வரக்கூடாது என்று சொல்ல உரிமை கிடையாது. உங்கள் ஊழியர் முதல் உரிமையைத் தப்பான விதத்தில் பயன்படுத்தினார். உங்கள் தெருக்காரர்கள் இல்லாத இரண்டாவது உரிமையைத் தீர்மானம் போட்டு உண்டாக்கப் பார்க்கிறார்கள். அவசரமான விஷயம் போர்டுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பொது இடத்தில் முகத்தை மூடக்கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் அரசியலமைப்பின் 15(2) பிரிவு வேறு மாதிரி. கடை, பொது உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. தடுப்பவர் அரசு அதிகாரியா, தனி முதலாளியா என்ற பேதம் அதில் இல்லை. கடை என்ற சொல்லையும் குறுக்கிப் படிக்கக்கூடாது, பொதுமக்களுக்குப் பொருளோ சேவையோ தருகிற இடங்களை அது தழுவும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவ சங்கம் தொடர்பான வழக்கில் விளக்கியது. உங்கள் காட்டேஜும் பக்கத்து ஹோம்மேட் சாக்லேட் கடையும் இதற்குள் வந்துவிடும்.

"நாங்கள் மதத்தைப் பார்க்கவில்லை, மூடிய முகத்தைத்தான் பார்க்கிறோம்" என்று நீங்கள் வாதாடலாம். இந்த வாதம் கோர்ட்டில் எங்கே உடையும் என்று சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். சைக்கிள் வாடகைக்கு விடுபவர், குதிரைக்காரர், சோளம் சுடும் அம்மா, சமவெளியிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் எல்லோரும் குரங்குக் குல்லாவும் மப்ளருமாகத்தான் இருப்பார்கள். மூக்கும் கண்ணும் தெரிந்தால் பெரிது. அவர்களில் யாரையாவது உங்கள் தெருவில் இதுவரை குல்லாவைக் கழற்றச் சொன்னதுண்டா? எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் சிசிடிவி பதிவையே கேட்டு வாங்கி, குல்லாக்காரர் உள்ளே போவதையும் புர்கா அணிந்தவர் வாசலில் நிற்பதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் காரணம் மதம்தான் என்று ஆகிவிடும். வங்கியிலும் நகைக்கடையிலும் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வது இதோடு சேராது. அது எல்லோருக்கும் ஒன்றுபோல் நடப்பது, கழற்றினால் யாருடைய நம்பிக்கையும் புண்படுவதில்லை.

தீர்மானத்தைப் பற்றி இன்னொன்று. வியாபாரிகள் கூடி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது சட்டம் ஆகாது. நகராட்சியே தீர்மானம் போட்டாலும் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது. 25-வது பிரிவு தரும் மத சுதந்திரத்துக்குப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று எல்லைகள் உண்டு. ஆனால் அந்த எல்லையைப் போட முறையான சட்டம் வேண்டும். ஒரு மதத்தாரைக் குறிவைக்கிற வாசகத்தை எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், மதப் பிரிவுகளுக்கிடையே பகையை வளர்ப்பது பற்றிய 196-வது பிரிவு வரை போகலாம். அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம். அப்புறம், வழக்கு என்று வந்தால் கூண்டில் ஏறுபவர் போர்டு மாட்டிய முதலாளிதான். உங்களோடு கையெழுத்துப் போட்டவர்கள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள்.

சரி, அடையாளம் பார்ப்பது? இது நியாயமான தேவை. விடுதிக்காரர் தங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதத்தான் வேண்டும், வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். முகம் பார்க்கவே கூடாது என்று நீதிமன்றங்கள் சொன்னதில்லை. முஸ்லிம் பெண்களின் புகைப்படத்தை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது மத உரிமைக்கு எதிரானது என்று தொடுத்த வழக்கை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாஸ்போர்ட் படத்தில் தலையை மதக் காரணத்துக்காக மூடலாம், முகம் தெரிய வேண்டும். அதே சமயம், யார் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வாக்குச்சாவடியில் பெண் வாக்காளர்களுக்கு உதவ ஒரு பெண்ணை அமர்த்திக்கொள்ளத் தேர்தல் நடத்தை விதிகள் 1961-லேயே வழி செய்துவிட்டன. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது நம் பக்கத்து மதுரை மாவட்டம் மேலூரில், ஒரு கட்சியின் முகவர் ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணைப் பார்த்து அதைக் கழற்றச் சொல்லித் தகராறு செய்தார். வெளியேற்றப்பட்டது அந்த முகவர்தான். சரிபார்க்கும் பொறுப்பு உள்ளவர் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவர் கேட்க முடியாது. உங்கள் ஹாலிலும் அதே கணக்குதான்.

நம் சட்டத்துக்கு முகத்திரை புதிதும் அல்ல. 1908-ன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 132-வது பிரிவு, நாட்டு வழக்கப்படி பொது இடத்தில் வரக் கட்டாயப்படுத்தக்கூடாத பெண்களுக்கு, கோர்ட்டில் நேரில் வருவதிலிருந்தே விலக்கு கொடுக்கிறது. அதே ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி, அப்படிப்பட்ட பெண் சொத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், பதிவு அலுவலர் அவர் வீட்டுக்குப் போயோ ஆணையர் ஒருவரை அனுப்பியோ விசாரித்துப் பதியலாம். கோடிக்கணக்கில் கை மாறும் சொத்திலேயே ஆளையும் உறுதி செய்து மானத்தையும் காக்க முடிகிறது. இரண்டு நாள் வாடகை அறைக்கு முடியாதா?

இப்போது உங்கள் ஊழியர் செய்தது. அடையாளம் கேட்டதற்காக மட்டும் அவர் மேல் குற்ற வழக்கு நிற்காது. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல், செய்கை பற்றிய சன்ஹிதா 79-வது பிரிவுக்கு, அவமதிக்கும் நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஆனால் அனுமதி இல்லாமல் செல்போனைத் தூக்கியதும், ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது சத்தமாகக் கேட்டதும் அந்த நோக்கத்தைக் காட்டப் பயன்படும் என்பதை மறக்காதீர்கள். நல்ல வேளை, துணியில் கை வைக்கவில்லை. கை வைத்திருந்தால், பெண்ணின் மானத்தைக் குலைக்கும் வன்செயல் பற்றிய 74-வது பிரிவு, குறைந்தது ஓராண்டு சிறை. "சும்மா லேசாக விலக்கினேன்" என்ற சமாதானம் எடுபடாது. இதை உங்கள் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

முன்பணத்தைத் திருப்பாமல் வைத்திருப்பதுதான் உங்கள் நிலையில் மிகப் பலவீனமான இடம். அறையை வேண்டாம் என்றது அவர்கள்தான், ஆனால் அப்படிச் சொல்ல வைத்தது உங்கள் ரிசப்ஷன். நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போட்டால், பணத்தோடு மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம், கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். பணத்தை இந்த வாரமே அனுப்புங்கள். கூடவே வருத்தம் தெரிவித்து நான்கு வரி எழுதுங்கள். வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். "எங்கள் ஊழியர் நடந்துகொண்ட விதத்தால் உங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு வருந்துகிறோம்" என்பதில் ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றும் இல்லை. மனதாரச் சொல்ல வேண்டியதும் அதுதான். பயணக் களைப்போடு வந்த ஒரு மாமியாரும் மருமகளும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

இனிமேல் என்ன செய்வது? கவுண்டரில் இப்படி ஓர் அறிவிப்பு வையுங்கள்: "தங்க வரும் பெரியவர்கள் அனைவரும் அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும். முகம் சரிபார்க்கத் தேவைப்பட்டால் பெண் ஊழியர் தனி அறையில் சரிபார்ப்பார்." இதில் எந்த மதமும் இல்லை, எந்த உடையும் இல்லை. பெண் ஊழியர் ரிசப்ஷனில் இல்லாவிட்டால், ரூம் சுத்தம் செய்யும் அக்காவுக்கோ உங்கள் வீட்டம்மாவுக்கோ சொல்லிக் கொடுங்கள். கதவைச் சாத்தி, அட்டையையும் முகத்தையும் பார்த்து, பதிவேட்டில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. படம் எடுக்க வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் காட்டவே மாட்டேன் என்றால், அப்போது அறை தர மறுக்கலாம். உங்கள் காரணம் அவர் உடை அல்ல, அடையாளம் உறுதியாகாதது. அதையே பதிவேட்டிலும் எழுதி வையுங்கள்.

பிரான்சைப் பற்றிக் கேட்டீர்கள். 2010-ல் இயற்றி 2011 ஏப்ரலில் அமலான அந்தச் சட்டம், பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம் விதிக்கிறது. இதை எதிர்த்த வழக்கில் 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் நீங்கள் சொல்லும் பாதுகாப்புக் காரணத்தை அது ஏற்கவில்லை. பொதுவாக எங்கும் ஆபத்து இருப்பதாகக் காட்டினால்தான் முழுத் தடை செல்லும், தேவைப்படும் இடத்தில் முகத்தைக் காட்டச் சொன்னாலே பாதுகாப்புக்குப் போதும் என்றது. பெண் சமத்துவம் என்ற காரணத்தையும் ஏற்கவில்லை. ஒருவரோடொருவர் சேர்ந்து வாழ்வதற்கு முகம் தெரிய வேண்டும் என்ற அந்த நாட்டின் விருப்பத்தை மட்டும் மதித்தது. 2018-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதற்கு நேர் எதிராக, பிரான்ஸ் உரிமையை மீறிவிட்டது என்றது. சுவிட்சர்லாந்தில் 2021-ல் நடந்த வாக்கெடுப்பில் 51.2 சதவீதம் பேர் ஆதரிக்க, 2025 ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது. அங்கும் குளிருக்காக மூடிக்கொள்பவருக்கு விலக்கு உண்டு. மலை ஊர்க்காரர் உங்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கர்நாடகா ஹிஜாப் வழக்கை உங்கள் தெருவில் யாராவது எடுத்துக் காட்டுவார்கள். அது சீருடை உள்ள கல்வி நிலையங்களில் தலைமுக்காடு பற்றியது. தெருவில் நடப்பதைப் பற்றியோ விடுதியில் தங்குவதைப் பற்றியோ அல்ல. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னதால் பெரிய அமர்வுக்குப் போகும்படி அது தலைமை நீதிபதியிடம் வைக்கப்பட்டது. அதைக் காட்டி போர்டு மாட்ட முடியாது.

தடைச் சட்டம் இங்கே வரவேண்டுமா என்று என்னைக் கேட்டால், வரக்கூடாது என்றுதான் சொல்வேன். விருப்பப்பட்டு அணிபவருக்கு அது உடை மீதான தண்டனை. கட்டாயத்தால் அணிபவருக்கு இன்னும் மோசம். முகம் மூடாமல் வெளியே விடமாட்டேன் என்று சொல்லும் வீட்டில், மூடி வெளியே போனால் அபராதம் என்று அரசும் சொன்னால், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது சமையலறை மட்டும்தான். மருத்துவமனைக்கும் வங்கிக்கும், இந்த ஏரியைப் பார்க்கவும் வர முடியாது. பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்கு உடன்பாடான பகுதி ஒன்று உண்டு. பெண்ணை மிரட்டி முகத்தை மூட வைப்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கலாம் என்கிறது. தண்டனை போக வேண்டிய திசை அது. இங்கும் மிரட்டியும் அடித்தும் ஒரு பெண்ணை அணியவைத்தால், 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவர் பாதுகாப்பு கேட்கலாம், 181-க்கு போன் செய்யலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு எண் 15100. இதை உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் புகார். கணவர் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் முதலில் சிஎஸ்ஆர் ரசீது (மனு வந்ததற்கான ஒப்புகை) போட்டு உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஊழியரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். அன்றைய சிசிடிவி பதிவு தானாக அழிவதற்குள் தனியாக எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அழிக்காதீர்கள், சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். ஊழியர் படம் எடுத்திருந்தால், அதை யாருக்கும் அனுப்பக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பணம் திருப்பிய ரசீது, வருத்தக் கடிதம், புதிய அறிவிப்பின் நகல் மூன்றையும் கொண்டு போங்கள். வியாபாரிகள் கூட்டத்துக்கும் அந்த அறிவிப்பை எடுத்துப் போய், போர்டுக்குப் பதிலாக இதை எல்லோரும் வைக்கலாமே என்று கேளுங்கள்.