மூச்சு முந்துகிறது, கால் பிந்துகிறது

கேள்வி: எனக்கு வயது 54. கல்லூரி நாட்களில் 1500 மீட்டர் ஓடியவன். விட்டுப்போய் 28 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் மீண்டும் தொடங்கினேன். முதல் வாரம் வாங்கிய மூச்சு நான்காம் வாரத்தில் அடங்கிவிட்டது. ஆறாம் வாரம் 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடினேன். இப்போது காலையில் படுக்கையை விட்டு இறங்கியதும் வலது குதிகாலுக்கு மேலே விறைத்துக்கொள்கிறது. பத்தடி நொண்டி நடந்தால் சரியாகிறது. ஓடும்போது வலி தெரிவதில்லை. தொடரலாமா, அல்லது இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

பதில்: இந்த வலிக்கு உங்கள் 54 வயதைவிட உங்கள் ஆறாம் வாரமே அதிகப் பொறுப்பு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே ரத்தத்தின் அளவு கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் கூடிவிடுவதால் மூச்சு விரைவில் வசப்படுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டமே குறைவு. அது உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பும் அப்படித்தான்: பழையதை அரித்துப் புதியதை நிரப்பும் ஒரு சுற்று முடியவே மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள். புதிதாக ஓட வருபவர் பயந்து பயந்து தொடங்குவார். நீங்களோ பழைய வேகத்தை நினைவிலிருந்து எடுத்து, அதற்கு இன்னும் தயாராகாத கால்களில் ஏற்றிவிட்டீர்கள்.

ஓடும்போது வலி மறைவதைக் கண்டு ஏமாற வேண்டாம். தசைநாண் நோவின் இயல்பே அது. உடல் சூடேறியதும் பதுங்கி, மறுநாள் காலையில் கணக்குக் கேட்கும். எனவே கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் அந்த முதல் பத்தடிகளே உங்கள் அளவுகோல். விறைப்பு நேற்றைவிடக் கூடியிருந்தால் முந்தைய ஓட்டம் அதிகம் என்று பொருள்.

முழு ஓய்வையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், சுமையே இல்லாத தசைநாண் மேலும் தளர்ந்துபோகும். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து, மொத்தம் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மேட்டையும் வேகத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இடையில் நடப்பதை இழுக்காக எண்ணும் பழைய ஓட்டக்காரர்கள் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவேதான் இம்முறையைப் பரப்பியவர் என்பது அவர்களுக்கு ஆறுதல் தரலாம்.

இத்துடன் ஒரு பயிற்சி. சுவரை லேசாகத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று, மூன்று எண்ணும்வரை குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது என்று கணக்கு வையுங்கள்; குதிகால் பழைய உயரத்துக்கு எழாதபோது நிறுத்திவிட்டு, அடுத்த காலிலும் செய்து பாருங்கள். இடது காலில் இருபது வந்து வலது காலில் பதினொன்றோடு நின்றால், வலி ஏன் வலப்பக்கம் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. நாள்விட்டு நாள் இதைச் செய்து, இரு கால்களும் சமமான பிறகே ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

அண்மையில் சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பாதிக்கக்கூடும். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, இரவிலும் விடாத வலி, யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் குதிகாலில் திடீர் அடி ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய எட் விட்லாக், இளமையில் ஓடி, நீண்ட காலம் விட்டு, நாற்பதுகளில் திரும்பி வந்தவர். 2004இல், தம் 73ஆம் வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அவரைப்போல் ஆகிவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 54இல் கதவு சாத்தப்படுவதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. மீண்டும் ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று எல்லோரும் தடுக்கிறார்கள். உண்மையா?

பதில்: ஆரோக்கியமான மூட்டுக்கு அந்த அச்சம் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசலில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடமே அது 13.3 சதவீதமாக இருந்தது. ஏற்கெனவே மூட்டு வீக்கமோ பழைய காயமோ இருந்தால் மட்டும் பரிசோதித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு இலக்கை எவ்வளவு ஓடினாலும் எட்ட முடியவில்லையே?

பதில்: எட்ட முயலாதீர்கள். இந்த மாத்திரை துடிப்பை வேண்டுமென்றே அடக்கி வைக்கிறது. 220இலிருந்து வயதைக் கழித்துக் கணக்கிடும் கடிகாரத்துக்கு அது தெரியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஓடியபடியே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த அடியோடு நின்று, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.