வேர்ட்பிரஸ் சைற்றை ஆட்களை வைத்துச் சோதிப்பது: கேட்டவையும் பதில்களும்

வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற சிஎம்எஸ்களில் (சைற்றில் ஆக்கங்களைப் போடவும் மாற்றவும் உதவுகிற மென்பொருள்கள்) கட்டிய சைற்றுகளைப் பாவனையாளர்களை வைத்துச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மானிப்பாய்த் தம்பி ஒருவர்: அண்ணா, நான் கடைகளுக்கு சைற் செய்து கொடுக்கிறேன். சோதிக்க எத்தனை பேர் வேண்டும்? பெரிய செலவு வருமா?

5 பேர் போதும் தம்பி. செலவு தேத்தண்ணியும் வடையும்தான். இந்த 5 என்ற கணக்கை, சைற்றுகள் பாவிக்க இலகுவா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒரு ஆள் சராசரியாக 31 வீதமான குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்தால் ஐந்தாவது ஆளோடு கிட்டத்தட்ட 85 வீதம் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் முன்னவர்கள் தடுக்கிய இடத்திலேயே தடுக்குவார்கள். அவர் சொன்னதில் எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கிறது: 15 பேர் கிடைத்தாலும் ஒரேயடியாக இருத்தாதீர்கள், 5 பேரை வைத்துப் பாருங்கள், திருத்துங்கள், பிறகு அடுத்த 5 பேர்.

அவரவர் சொந்தப் போன், அவரவர் டேற்றா. உங்கள் புது மடிக்கணனியையும் வைஃபையையும் கொடுத்தால் சைற் பறக்கும், அதனால் ஒன்றும் தெரியவராது. திரையைப் பதிவு செய்வதென்றால் முதலே கேட்டு அனுமதி வாங்குங்கள். “தொடர்பு பக்கத்துக்குப் போங்கள்” என்று சொல்லாதீர்கள், அது மெனுவில் இருக்கிற சொல், வாசிக்கத் தெரிந்த யாரும் அமத்துவார்கள். “ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடை திறந்திருக்குமா, பாருங்கோ” என்று சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவர் தடுமாறும்போது உங்கள் விரல் தன்பாட்டில் திரையை நோக்கிப் போகும்.

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: எங்கள் பழைய மாணவர் சங்க சைற்றைக் குழுவில் எல்லோருக்கும் காட்டினோம், நல்லா இருக்கு என்றார்கள். இதுவே போதும்தானே?

போதாது. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எங்கள் ஆட்கள் மரியாதைக்காகவே நல்லா இருக்கு என்பார்கள். வேலை ஒன்று கொடுத்துப் பாருங்கள். அதோடு உங்களிடம் இரண்டு கூட்டம் இருக்கிறது: கார்ட்டில் காசு அனுப்பப் போகிற வெளிநாட்டு ஆட்கள், புலமைப்பரிசில் விண்ணப்பத்தைத் தேடி வருகிற ஊர்ப் பிள்ளைகளும் தாய்தகப்பனும். இவர்கள் தடுக்குகிற இடங்கள் வேறு வேறு. ஒவ்வொரு கூட்டத்திலும் 3, 4 பேரை எடுங்கள். சங்கச் செயலாளரை எடுக்காதீர்கள், அவருக்கு எல்லாம் பாடம்.

கோண்டாவில் ரீச்சர் ஒருவர்: பாடசாலை சைற் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி போட எங்களில் ஒருவருக்கும் தெரியாது, செய்து தந்த பெடியனைத்தான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறோம். பிழை எங்களிலா?

உங்களில் பிழை இல்லை ரீச்சர். நான் இங்கே சொல்ல வந்ததே இதைத்தான். சிஎம்எஸ் சைற்றுக்கு இரண்டு வாசல். முன்வாசலால் வாசகர் வருகிறார், பின்வாசலால் நீங்கள் வருகிறீர்கள். எங்கள் பக்கத்தில் முன்வாசலைச் சோதிப்பதே குறைவு, பின்வாசலை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. கடைசியில் விளையாட்டுப் போட்டிச் செய்தி மூன்று வருடம் பழையதாக முகப்பில் கிடக்கும்.

சிஎம்எஸ் செய்கிறவர்களே இதில் அடிபட்டுத்தான் படித்தார்கள். 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ட்ரூபலை வைத்துச் சோதித்தபோது, தாங்கள் நிற்பது நிர்வாகப் பக்கத்திலா வாசகர் பார்க்கிற பக்கத்திலா என்றே பலருக்குப் பிடிபடவில்லை. 2011இல் வந்த ட்ரூபல் 7இல் நிர்வாகப் பகுதியைத் தனியாகத் தெரிகிற மாதிரி மாற்றினார்கள். வேர்ட்பிரஸும் அதே 2008இல் ஆட்களை இருத்திப் பார்த்துத்தான், மேலே இருந்த நிர்வாக மெனுவை 2.7 பதிப்பில் இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தது.

நீங்கள் சைற் செய்து தந்த அந்தப் பெடியனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். போனில் எடுத்த படத்தோடு ஒரு செய்தி போட்டு, பிறகு அதில் ஒரு பெயரைத் திருத்துவதை நீங்களே செய்யுங்கள், அவர் பேசாமல் பார்க்கட்டும். அனேகமாக இடப்பக்க மெனுவில் உங்களுக்குத் தேவையில்லாத செருகுநிரல்களின் (மேலதிக வசதிக்காகச் சேர்க்கிற பிளகின்கள்) பெயர்கள்தான் வழியை மறைத்துக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நிர்வாகி கணக்குத் தராமல் ‘தொகுப்பாளர்’ கணக்குத் தந்தாலே பாதிக்கு மேல் மறைந்துபோகும். ஐந்து நிமிட வேலை.

நல்லூரிலிருந்து: சைற் முழுக்கத் தமிழ். தேடல் பெட்டியில் ரைப் பண்ணினால் இருக்கிற கட்டுரையே வருவதில்லை என்கிறார்கள். ஏன்?

வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல் நீங்கள் அடித்த எழுத்துக்கோவையை அப்படியே தேடும், இலக்கணம் அதற்குத் தெரியாது. ‘நல்லூர்’ என்று தேடினால் கடைசியில் புள்ளி வைத்த ர். கட்டுரையில் ‘நல்லூரில்’, ‘நல்லூருக்கு’ என்று மட்டும் இருந்தால் அந்த ர் அங்கே இல்லை, சைற் கையை விரித்துவிடும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. தலைப்பிலோ கட்டுரைக்குள்ளோ வேர்ச்சொல்லைத் தனியாகப் போடுவது உடனடி வழி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆக்கங்களை யூனிகோடாக மாற்றாமல் ஒட்டியிருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது, முதலில் அதை மாற்றுங்கள்.

அதோடு, ஆங்கில மாதிரியைப் பார்த்து வாங்கிய தீம் (சைற்றின் தோற்றத்தைத் தருகிற வார்ப்பு) என்றால் மெனுவைச் சின்னப் போனில் திறந்து பாருங்கள். ‘ஹோம்’ இருந்த இடத்தில் ‘முதற்பக்கம்’, ‘அறிவித்தல்கள்’ என்று வரும்போது வரி உடையும், பொத்தான்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

சுன்னாகம்: முடிவைப் புள்ளியாகக் காட்டச் சொல்கிறார்கள்.

எஸ்யுஎஸ் (System Usability Scale) பாவியுங்கள், பாவிக்க எவ்வளவு இலகு என்று அளக்கிற கேள்வித்தாள் அது. ஜோன் புரூக் 1986இல் செய்த 10 கேள்விகள், 100க்கு ஒரு புள்ளி வரும். அது வீதம் இல்லை, சராசரி 68 அளவில் நிற்கும். 5 பேரின் புள்ளியைத் தூக்கிக்கொண்டு பெருமையடிக்காதீர்கள்.

திருநெல்வேலி அக்கா ஒருவர்: கடை முதலாளி இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார்.

அறிக்கை எழுதாதீர்கள் அக்கா, அவர் வாசிக்கமாட்டார். சோதனைக்கு வந்தவர் அனுமதித்தால், விலையைத் தேடி அவர் மேலும் கீழும் இழுத்து, கடைசியில் சைற்றை மூடிவிட்டுக் கடைக்கு அழைப்பு எடுக்கிற ஒரு நிமிடப் பதிவை முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அன்று பின்னேரமே உங்களைக் கூப்பிடுவார்.